கைக்கு எவ்வளவு?

என் கணக்கு நோட்டில் ஒரு ஃபெல்ட் யானைக்கு இப்படி எழுதி வைத்திருந்தேன். ஃபெல்ட் துணி 28 ரூபாய். பஞ்சு 15. நூல் 5. நாடா, காகிதப் பை, மற்றவை 12. ஆக மொத்தம் 60. விற்ற விலை 150. லாபம் 90.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொம்மை தைக்கத் தொடங்கினேன். நான்கு வருடமாக இந்தக் கணக்கைத்தான் எழுதிவந்தேன், அதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பின்வீட்டம்மா ஒரு மாலை அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"துணிக்கு போட்டிருக்கீங்க, பஞ்சுக்கு போட்டிருக்கீங்க. உங்க கைக்கு எவ்ளோ போட்டீங்க டீச்சர்?"

"எனக்கென்னம்மா, பென்ஷன் வருது. பொழுது போகத்தானே தைக்கிறேன்" என்றேன்.

"உங்களுக்கு பொழுது போவுது. நான் தைச்சா?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. விலை தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை.

பின்வீட்டம்மா பதினைந்து வருடமாக ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பகுதி, தைக்கிறார். லோஃபர் வகை ஷூவில் கால்விரலுக்கு மேலே தோல் சின்னச் சின்ன சுருக்கமாக எழும்பி நிற்கும் இடம் உண்டு. அந்தத் தையலுக்கு இன்னும் கைதான் வேண்டும். வெட்டிய தோலும் மெழுகு ஏற்றிய நூலும் மூட்டையாக வீட்டு வாசலுக்கு வரும். தைத்து முடித்ததை ஏஜென்ட் எண்ணி எடுத்துப்போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இழுத்து இழுத்து நூல் விரலை அறுக்கும் என்பதற்காகப் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு தைப்பார். மின்சாரம், உட்காரும் இடம், ஊசி, முதுகுவலி மாத்திரை எல்லாம் அவர் செலவு. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து எங்கள் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் எங்களோடு வந்தன. அவற்றோடு தோல் தொழிலும் வந்தது. வெளிநாட்டுக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் எத்தனையோ ஷூக்களின் மூக்கு இந்த மாவட்டத்துத் திண்ணைகளில் தைக்கப்பட்டது. இப்படி வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மற்ற கூலித் தொழிலாளிகளுக்கு உள்ளதைப்போல இவர்களையும் சமமாக நடத்த வேண்டும் என்கிறது அது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு அவரும் பொம்மை தைக்க வந்தார். அவரிடம் ஃபெல்ட்டை முதலில் கொடுத்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். துண்டை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், இரண்டு பக்கமும் இழுத்தார். "இது நெய்ததில்ல" என்றார். தறியே காணாத துணி அது. அசல் ஃபெல்ட் செம்மறி ஆட்டு மயிரில் ஆனது. அந்த மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் ஊற்றி அழுத்திப் பிசைந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மயிர் மொத்தமும் ஒரே தகடாகிவிடும். ஊடும் பாவும் கிடையாது. நான் பெங்களூர் சிக்பேட்டையில் வாங்கிவரும் மலிவு ஃபெல்ட் பாலியெஸ்டர்தான். அதில் முள் ஊசிகள் குத்திக் குத்தி இழைகளைச் சிக்கவைக்கின்றன. சிக்கிப்போவதுதான் எல்லா ஃபெல்ட்டுக்கும் பலம்.

தோலும் அப்படித்தான். மாட்டின் முதுகில் இயற்கையே போட்ட சிக்கல் அது. அதனால்தான் இரண்டையும் எங்கே வெட்டினாலும் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கத் தேவையில்லை. பின்வீட்டம்மாவின் விரலுக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நான் மூன்று மாதம் தடுமாறிக் கற்ற காஜா தையலை அவர் முதல் யானையிலேயே அளவெடுத்தாற்போலப் போட்டார். தும்பிக்கையின் வளைவில் தையல் நெருங்கியும் முதுகில் விலகியும் போனது. அதை நான் சொல்லித்தரவில்லை. ஷூவின் மூக்கில் வளைத்து வளைத்துப் பழகிய கை அது. ஒரே ஒரு விஷயத்தில்தான் தயங்கினார். தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கச் சொன்னபோது என்னை நம்பாமல் பார்த்தார். தோலில் ஊசி போட்டால் போட்டதுதான், ஓட்டை மூடாது, துண்டு வீணானால் கூலியில் பிடிப்பார்கள். ஃபெல்ட்டில் பிரித்துவிட்டு விரலால் தேய்த்தால் இருந்த தடமே தெரியாது. அவர் மூன்று முறை குத்திப் பிரித்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

ஃபெல்ட் யானை என் கண்டுபிடிப்பு இல்லை. தெற்கு ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப் செய்தது அது. குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் விழுந்துவிட்டன, வலது கையிலும் பலம் இல்லை. தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுற்ற முடியாததால், இயந்திரத்தையே திருப்பி வைத்து இடது கையால் சுற்றினார். அந்த ஊரில் ஃபெல்ட் ஆலை இருந்தது, ஆகவே ஃபெல்ட்டில் உடைகள் தைத்து விற்றார். 1880இல் ஒரு பத்திரிகை மாதிரியைப் பார்த்து யானை வடிவில் குண்டூசி குத்தும் மெத்தை செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். குழந்தைகள் அதை எடுத்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அன்பளிப்பாகப் போன பொருள் சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் விற்பனைக்குப் போனது. பிறகு கரடிகள் வந்தன. நகல் செய்கிறவர்களிடமிருந்து காப்பாற்ற 1904இல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு உலோகப் பொத்தான் அடித்தார்கள். இன்றும் அந்தப் பொத்தான்தான் அதன் விலை. தைத்த கை யாருடையது என்பதை மட்டும் பொத்தான் சொல்லாது.

அந்த அம்மையாரின் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், உடல் குறை ஒரு தடையில்லை என்பதற்காக. பின்வீட்டம்மா கேட்ட பிறகு அதே கதை வேறு மாதிரி தெரிகிறது. ஸ்டைஃப் யானையைக் கொடுத்தபோது முழுசாகக் கொடுத்தார். விற்றபோது விலை வைத்து விற்றார். நான் நான்கு வருடமாகச் செய்தது இரண்டும் இல்லை.

ஒரு சம்பவம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கல்லூரி வளாகத்தில் கைவேலைக் கடைகள் போட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பெண் ஃபர் துணியில் முயல் பொம்மைகள் வைத்திருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், தையல்தான் வருமானம் என்று அவரே சொன்னார். முயல் ஒன்று 350. மத்தியானம் ஒரு குடும்பம் அவரிடம் பேரம் பேசிவிட்டு, "அங்க டீச்சர் 150க்குத் தராங்களே" என்று என் கடையைக் காட்டியது. என் யானைகள் அன்று சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டன. அவர் முயல்களைத் திரும்ப மூட்டை கட்டினார். அன்றிரவு நான் சந்தோஷமாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. மலிவாகக் கொடுத்ததால் நல்லது செய்ததாக நினைத்தேன். உண்மையில் என் பென்ஷன் அவருடைய முயலின் விலையைக் குறைத்தது. பசியில்லாதவர் சந்தையில் வைக்கும் விலைதான் பசித்தவருக்குக் கூலியாகிறது. இதை நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அறியாமல் இருக்க முடிந்ததே வசதியால்தான்.

அப்படியானால் விலையில்லாமல் எதையும் கொடுக்கவே கூடாதா? என் கைப்பையில் கட்டைவிரல் அளவில் ஒரு துணி பொம்மை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஆரோவில் போயிருந்தபோது கிடைத்தது. காசு நீட்டினேன், இது விற்பனைக்கு இல்லை என்று கையில் வைத்து அனுப்பினார்கள். அதன் பெயர் சுனாமிகா. 2004 டிசம்பரில் கடல் எழுந்து வந்த பிறகு, அதைப் பார்க்கவே பயந்து கிடந்த மீனவப் பெண்களுக்கு ஏதாவது கைவேலை தர வேண்டும் என்று ஆரோவிலின் உபாசனா வடிவமைப்புக் கூடத்தில் உமா பிரஜாபதி தொடங்கியது. ஆயத்த ஆடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகள்தான் மூலப்பொருள். ஒரு துளி உடம்பு, நூல் முடி, சின்னப் பாவாடை. சுற்றுப்புற மீனவ ஊர்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் செய்தார்கள், பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின. வாங்கியவர் விரும்பினால் நன்கொடை தரலாம், விலை என்று ஒன்று கிடையாது. ஆனால் தைத்த பெண்ணுக்குக் கூலி போனது. அந்த ஒரு இடத்தில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். பொம்மைக்கு விலை இல்லாமல் இருந்தது, கைக்கு இருந்தது. நான் நேர் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வீட்டம்மாவும் நானும் திண்ணையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அட்டை மாதிரியை வைத்து வரைந்து வெட்ட அரை மணி. தைக்க இரண்டு மணி. பஞ்சு அடைக்க அரை மணிக்குக் குறையாது. தும்பிக்கை நுனிக்குப் பென்சிலால் குத்திக் குத்தி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் தொங்கிவிடும். கண்ணும் காதும் அரை மணி. மூன்றரை மணி நேரம். மணிக்கு என்ன போடுவது? கட்டட வேலையில் சித்தாளுக்கு எங்கள் தெருவில் தரும் நாள் கூலியை எட்டால் வகுத்தோம், 70 வந்தது. மூன்றரைக்கு 245. பொருள் 60. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய் வரும் செலவு, வீணாகும் துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 25. கூட்டிப் பார்த்தேன், 330.

அந்தத் தொகையை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை.

இனி சொல்வது இனிப்பான செய்தி இல்லை. மாதம் இருபது போன யானை இப்போது எட்டோ ஒன்பதோதான் போகிறது. கடைவீதியில் இதைவிட இரண்டு மடங்கு பெரிய, பளபளவென்ற ஃபர் கரடி 200 ரூபாய்க்குத் தொங்குகிறது. வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆக்கினார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றார்கள். பிடுங்கினால் கையோடு வரும் பிளாஸ்டிக் கண்களை நினைத்தால் அந்த ஆணை நல்லது என்றே சொல்வேன். ஆனால் இயந்திரத்தோடு விலையில் மோத எந்தச் சட்டமும் கைக்குத் துணை வராது. பின்வீட்டம்மா ஷூ மூட்டையை விட்டுவிடவும் இல்லை, விடச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. காலையில் தோல், மதியத்துக்கு மேல் ஃபெல்ட். வாரத்தில் இரண்டு யானை அவர் கையால் வருகிறது.

அந்த முத்திரை ஆணையில் கைவினைஞர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்காக அவருக்கு விண்ணப்பம் நிரப்பினோம். பெயர், ஊர், வயது முடிந்து கைத்தொழில் என்ற இடம் வந்தது. "பொம்மை" என்று எழுதப் போனேன். "எத்தனை வருஷமான்னு கேட்டிருக்கே டீச்சர், அதுல இன்னா எழுதுவீங்க?" என்றார். ஒரு வருடம்கூட ஆகவில்லைதான். ஆனால் அந்த விரல்களுக்குப் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்தை ஒப்புக்கொள்ளும் தாள் எதுவும் அவரிடம் இல்லை, சம்பளச் சீட்டு உட்பட. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளதைத்தான் எழுதினோம்.

போன வாரம் மேலத்தெருப் பாட்டி வந்தார், பேத்திக்கு முதல் பிறந்தநாள். பின்வீட்டம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு யானைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நூத்தம்பதுக்குத்தானே குடுத்த டீச்சரம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வீட்டம்மா ஊசியை நிறுத்தாமல் சொன்னார். "முந்நூத்தி முப்பது பாட்டி. மூணரை மணி நேரம் தைக்கணும்."

பாட்டி யானையை வாங்கிக் காதைப் பிடித்து இழுத்தார். நன்றாகவே இழுத்தார். பிறகு கண்ணை நகத்தால் சுரண்டினார்.

"புள்ள வாயில போட்டுக்கிச்சுன்னா?"

"கண்ணு நூல்ல போட்டது. கடிச்சாலும் வராது."

பாட்டி இன்னொரு முறை காதை இழுத்துப் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.