பழுது பார்த்தல்

நீலகிரிச் சாலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மேட்டுப்பாளையத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், என் மாருதி ஜிப்ஸி இடது முன்சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நின்றது. 1998-ஆம் ஆண்டு வண்டி. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையை உதறும். வேகம் தணியும் வரை அடங்காது. பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்த உதறலை விளக்க வேண்டியதில்லை. டயரைச் சந்தேகித்தேன். வீல் பேலன்சிங் செய்தேன். ஸ்டியரிங் டேம்பரை மாற்றினேன். சில நாள் அடங்கியிருக்கும். பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது மறுபடி வந்துவிடும்.

பட்டறைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் அழைப்போம். அறுபதைத் தாண்டியவர். சக்கரம் திரும்ப அச்சாணியாக நிற்கும் கிங்பின்னின் பேரிங்கைக் கழற்றி, அதன் வெளிக்கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க தம்பி. நகத்த ஓட்டிப் பாருங்க."

கிண்ணத்தின் உட்புறம் கண்ணாடிபோல் இருந்தது. நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. சட்டென்று ஓரிடத்தில் தட்டியது. சீப்பின் பற்களை ஈர மண்ணில் அழுத்தி எடுத்தாற்போல, சம இடைவெளியில் மெல்லிய கோடுகள். உருளைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குழி பறித்துக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் கோடுகளின் இரண்டு பக்கமும் பளபளப்பு சற்றும் குறையவில்லை.

"ஏன் பாய் இந்த எடத்துல மட்டும்?"

"வண்டி நேரா போறப்ப உருளை நிக்கிற எடம் அது. வளைவுல தேயல. நேர் ரோட்டுலதான் தேஞ்சிருக்கு."

கோத்தகிரி ஏற்றத்தின் கொண்டை ஊசி வளைவுகள்தாம் இந்த வண்டியைச் சிதைக்கின்றன என்று அத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். வளைவில் கவனமாக இருந்தேன். கல் தெரிந்தால் ஒதுங்கினேன். சேற்றில் இறங்குமுன் நான்கு சக்கர ஓட்டத்துக்கு லிவரை மாற்றினேன். கவலையின்றி, பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டிய நேரான சாலைகளில் அதிர்வு ஒவ்வொன்றும் ஒரே புள்ளியில் வந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு முந்திய காரணமும் ஒன்று உண்டு. அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல், விரல் கனம்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம், எப்போதோ கிழிந்திருந்தது. டிஃபரன்ஷியல் எண்ணெய் மெல்லக் கசிந்து, கிங்பின்னைக் காக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டது. மசகு போன பிறகு இரும்பும் இரும்பும் நேருக்கு நேர். சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்ததை நான் பார்க்காமலில்லை; பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தால் நாம் எத்தனை காரியங்களைக் கைவிட்டிருக்கிறோம் என்று அன்று அந்தத் தகரக் கூரையின் கீழ் யோசித்தபோது, மனம் கனத்தது.

இந்த வண்டியின் குலம் சிறியது, உழைப்பாளிக் குலம். 1970-இல் வெறும் 359 சிசி எஞ்சினோடு சுசூகி வெளியிட்ட ஜிம்னியின் வழியில் வந்து, 1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினோடு இந்தியச் சாலைக்கு இறங்கியது. 1996-இல் 1298 சிசி 'கிங்' ஆயிற்று. 2000-இல் கார்புரேட்டரை விட்டு எம்பிஎஃப்ஐக்கு மாறியது. ஏணிபோன்ற சேசிஸும் நான்கு மூலையிலும் கமான் பட்டைகளும் கடைசிவரை மாறவே இல்லை. ராணுவமும் போலீஸும் வனத்துறையும் இதை நம்பி மலையேறின. பாதுகாப்பு வசதிகளில் இன்றைய வண்டிகளே மேல். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் ஒரு சிறப்பு இதற்கு உண்டு. இதில் திறக்க முடியாத பாகம் என்று அநேகமாக எதுவுமில்லை. கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, இரண்டையும் இணைக்க ஒரு குட்டைத் தண்டு. எல்லாம் ஸ்பானருக்கு எட்டும் தூரத்தில். முழுதாக மூடி வரும் பொருளிடம் நமக்கு ஒரு சாக்கு இருக்கிறது, உள்ளே என்னவென்று நமக்கெப்படித் தெரியும் என்று. திறக்க முடிந்த பொருள் அந்தச் சாக்கையும் பறித்துக்கொள்கிறது.

தமிழில் நாம் பழுதை 'நீக்குகிறோம்' என்று சொல்வது எழுத்தில்தான். பேச்சில், பழுது பார்க்கிறோம். வைத்தியம் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த மொழியில் வாழ்ந்த எத்தனையோ தலைமுறைகள், கையால் செய்யும் பராமரிப்பையெல்லாம் கண்ணின் வினைச்சொல்லால் குறித்து வைத்திருப்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. பார்த்தல் முதலில் நிகழ்கிறது. சுத்தியலும் ஸ்பானரும் அதன் பின்னால் வருகின்றன. டயரை மாற்றியபோதும் டேம்பரை மாற்றியபோதும் நான் பணம் செலவழித்தேனே தவிர, பழுதைப் பார்க்கவில்லை.

மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வியை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகம்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதிலும் தேர் இல்லை என்று அரசனையே ஒப்புக்கொள்ள வைத்த பௌத்தத் துறவி அவர். என் ஜிப்ஸியிலும் கிளட்ச் மாறிவிட்டது, ரேடியேட்டர் மாறிவிட்டது, தரைத் தகடு துருவேறிப் பாதிக்குமேல் புதிதாக வெல்டிங் செய்யப்பட்டது. பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடிந்து, ஐந்தைந்து ஆண்டாக மூன்று முறை புதுப்பித்தும் ஆயிற்று. இதில் எது அந்த 1998 வண்டி? பாகங்களில் தேடினால் துறவி சொன்னதே சரி. எனக்குத் தோன்றுவது இன்னும் ஒன்று: பாகங்கள் உதிர்ந்து உதிர்ந்து வேறாகிக்கொண்டிருக்க, அவற்றை ஒரே வண்டியாக நிறுத்தி வைத்திருப்பது, யாரோ ஒருவர் குனிந்து அதன் அடியில் பார்த்துக்கொண்டே இருந்ததுதான்.

இப்படிப் பார்த்தால், தேய்மானம் என்பதைக் காலத்தின் கொடுமை என்று மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருப்பது பாதி உண்மைதான் என்று படுகிறது. காலம் எல்லாவிடத்தும் ஒரே அளவாக விழுவதில்லை. நாம் அதிக நேரம் நிற்கும் நிலையில், மிகவும் பழகிப்போன கோணத்தில், இனி யோசிக்க ஏதுமில்லை என்று கண்ணை எடுத்துவிட்ட இடத்தில் அது குழி பறிக்கிறது. சண்டை வந்தபோதெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்ட கணவனும் மனைவியும், சண்டையே இல்லாத இருபது ஆண்டுகளில் ஒருவரையொருவர் தொலைத்துவிடுவதும், இளமையில் எடை போட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கையை, அதன்பின் ஒருநாளும் திறந்து பார்க்காமல் சொல்லிச் சொல்லியே நாம் வெறும் ஓசையாக்கிவிடுவதும், நாள்தோறும் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்று ஒரே கேள்விகளைத் தாயிடம் கேட்டு, பதில் வருமுன்னே வேறு எங்கோ போய்விடும் நம் காதுகளும், அந்தக் கிண்ணத்தின் கோடுகளிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. நெருக்கடி நம்மைப் பார்க்க வைக்கிறது. நேர்கோட்டு நாட்கள் அப்படி வற்புறுத்துவதில்லை. ஆகவே அவற்றின்மேல் பார்வையைத் திருப்புவது, எவரும் கேட்காமல், எந்த ஓசையும் எழாமல், நாமாக மேற்கொள்ள வேண்டிய ஒரு விரதம்போல ஆகிவிடுகிறது, அன்பு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த விரதமாகவே இருக்கக்கூடும் என்று எண்ணுமளவுக்கு.

பாய் புதுக் கிண்ணத்தை அடித்து இறக்கி, பேரிங் முழுக்கக் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தித் திணித்தார். காகிதக் கனத்தில் இருந்த ஷிம் தகடுகளில் ஒன்றை வைத்து மூடி, ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, முள் எங்கே நிற்கிறதென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி திறந்தார். வேறொரு ஷிம்மை வைத்தார். நான்காவது முறைதான் தலையசைத்தார். நான் அவசரப்படவில்லை.

மணி ஐந்தாகியிருந்தது. தேய்ந்துபோன பழைய பேரிங்கைப் புதுசு வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மாட்ட எடுத்தார்.

"பாய், வலது பக்கத்தையும் திறந்துடலாமா?"

"அந்தப் பக்கம் ஒழுகலயே தம்பி. காஞ்சுதான் கெடக்கு."

"இருக்கட்டும். பாத்துடலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.