ஈகைக்கு வயதுண்டோ?

ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே தேவர்க்கு ஈந்தார் என்பது புராணம். 2008 இல் தமிழகத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானஞ் செய்தனர். அவர் முதிர்ந்த தபோதனர், இவன் பாலகன். இரு கொடையும் ஒன்றாகுமா?

மருத்துவம் ஒருகாலம் வேறுபாடு கண்டது. ஈரல் அழற்சி 'சி' வைரசு, மாற்றிவைத்த ஈரலையும் மீண்டும் பற்றும். முதியவர் ஈந்த ஈரலாயின் விரைவிலே தழும்பேறும். ஆதலால் வைத்தியர்கள் தயங்கினர். 2014 அளவில் வந்த புதிய மாத்திரைகள் அவ்வைரசை அழிக்கவே அத்தயக்கம் பெரிதும் குறைந்தது. நேற்று விலக்கிய கொடை இன்று உயிர் காக்கிறது.

'வயது போன உடம்பு ஆருக்கு உதவும்?' என மட்டக்களப்பு வாவிக்கரைப் பெரியோர் கேட்கலாம். உறுப்பின் தகுதியை வைத்தியர் பார்ப்பர். ஈயும் மனம் அடியாருடையது. அம்மனத்தைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவைப்பதும் சிவதொண்டாகும்.