வீட்டுப் பொருட்களும் வீடுபேறும்

திருச்சிற்றம்பலம்



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து அன்னதானத்திற்காக மடத்தில் அமர்ந்திருந்தோம். புது வீடு வாங்கிக் குடிபூரலுக்கு நாள் குறித்திருந்த இளம் தம்பதியர் இருவர் எம்மருகே வந்தனர். எமது தொழில் கணக்கு என்பதை அறிந்தவர்கள். “அண்ணை, வீட்டுச் சாமான் எல்லாம் நல்லதாய், புதிசாய் வாங்கப் போறம். ஒருக்காத்தானே வாங்கிறது. இருபதாயிரம் டொலர் மட்டில வரும். அது பிழையோ?” என்று கேட்டனர்.

நாம் வட்டி, தவணை, வருமானம் என்று தெரிந்த பதிலைச் சொல்லி அனுப்பினோம். வீடு வந்த பின்னர்தான் அந்தப் பதில் அரைப் பதில் என்பது உறைத்தது. மற்ற அரைவாசியை இங்கு எழுதுகின்றோம்.

எமது சமயத்தில் ஓட்டைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஓடு என்பது பிச்சை ஏற்கும் மட்கலம். வீட்டுப் பொருட்களில் அதனிலும் மலிவானது வேறில்லை.

முதற் கதை பெரியபுராணத்தில் வருவது. தில்லையிலே திருநீலகண்ட நாயனார் என்னும் குயவனார் வாழ்ந்தார். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவர் தொண்டு. இறைவன் சிவயோகியார் வடிவிலே வந்து ஓர் ஓட்டை அவரிடம் கொடுத்து, “இது விலைமதிப்பற்றது, நாம் கேட்கும்போது தருக” எனச் சொல்லிச் சென்றார். பின்னர் அந்த ஓட்டைத் தாமே மறையச் செய்து, திரும்பி வந்து கேட்டார். நாயனார் தேடினார், காணவில்லை. “பழைய ஓட்டிலும் நல்லதாய் வேறொன்று தருகிறேன்” என்றார். பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், நாம் தந்த ஓடே வேண்டும் என்று இறைவன் மறுத்து விட்டார்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. பொன்மலையை வில்லாக வளைத்தவருக்கு மண் ஓட்டின்மேல் ஆசையா? இல்லை. ஒரு பொருளின் பெறுமதி அதன் விலையில் இல்லை, அது யாரால் எதற்காக எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதிலே இருக்கிறது என்று காட்டவே அவ்வாறு கேட்டார்.

இரண்டாவது கதை பட்டினத்தடிகளுடையது. அரசைத் துறந்து அவருக்குச் சீடராகிய பத்திரகிரியார், திருவிடைமருதூரில் கோயிலின் ஒரு வாயிலில் இருந்தார். மறுவாயிலில் அடிகள் இருந்தார். பத்திரகிரியாரிடம் இருந்தவை ஓர் ஓடும், கூடவே திரிந்த ஒரு நாயும் மட்டுமே. ஒருநாள் அடிகளிடம் ஒருவர் பிச்சை கேட்டு வந்தார். “என்னிடம் ஒன்றுமில்லை. அந்த வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்” என்று அடிகள் அனுப்பி வைத்தார். அரண்மனையையே விட்டு வந்தவர், ஓர் ஓட்டினால் சம்சாரி ஆகிவிட்டார்! அதைக் கேட்ட பத்திரகிரியார் அந்த ஓட்டையும் விட்டார் என்பது கதை.

இவ்விரு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓருண்மை புலப்படும். மலிவான பொருளும் உயர்ந்த பொருளாகலாம். மலிவான பொருளும் காலிற் கட்டிய விலங்காகலாம். ஆகவே “எவ்வளவு விலை?” என்னும் கேள்வி ஒன்று மட்டும் எம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

எனினும் நாம் இல்லறத்தார். துறவிகளின் சட்டத்தை எடுத்து எமது சமையலறையை அளக்க முடியாது. எனவே முதலில் எமது தொழிலுக்குரிய கணக்கைப் பார்ப்போம்.

கனடிய வருமானவரிக் கணக்கில் வணிக நிறுவனம் ஒன்றின் தளபாடங்கள் எட்டாம் வகுப்புக்குரியவை. ஆண்டுக்கு 20 வீதம் தேய்மானம் கழிக்கலாம். முதலாண்டுக்கான தனி விதியை விட்டு எளிமையாகப் பார்த்தால், 5,000 டொலர்ப் பொருள் ஓராண்டில் 4,000, ஈராண்டில் 3,200, ஐந்தாண்டில் 1,638 டொலர் என்று புத்தகத்தில் இறங்கும். வீட்டிலே நாம் பாவிக்கும் கதிரைக்கு அந்தக் கழிவும் கிடையாது, தேய்மானம் மட்டும் உண்டு. அதையே கடனட்டையில் வாங்கினால், வட்டி ஆண்டுக்கு 19.99 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,800 டொலர் நிலுவைக்கு மாதம் ஏறத்தாழ 80 டொலர் வட்டி. பொருள் தேய்கிறது, கடன் வளர்கிறது. “ஓராண்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை” என்னும் விளம்பரங்களிலும் சிறிய எழுத்தை வாசியுங்கள். குறித்த நாளில் முழுத்தொகையையும் கட்டாவிடில், வாங்கிய நாளிலிருந்தே வட்டி சேரும் திட்டங்கள் பல உள்ளன. வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே சொல்லி வைத்தது அரசருக்கு மட்டுமன்று.

ஆனால் விலை கூடிய பொருளெல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 600 டொலருக்கு நல்ல மா அரைக்கும் கிறைண்டர் ஒன்று வாங்கி, கிழமைக்கு இருமுறையாகப் பத்தாண்டு பாவித்தால், ஆயிரம் தடவைக்கு மேல் வரும். ஒரு தடவைக்கு 60 சதமும் இல்லை. 400 டொலருக்கு வாங்கிய கோப்பை பீங்கான் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து, பத்தாண்டில் இருமுறை வெளியே வந்தால், ஒரு தடவைக்கு 200 டொலர். எது ஆடம்பரம்? முதுகு நோவுள்ள தாயாருக்கு நல்ல கட்டில், பனிக்காலத்தில் பிள்ளைக்கு நல்ல சப்பாத்து, நாள்தோறும் ஏற்றும் குத்துவிளக்கு ஆகியவற்றிலே கஞ்சத்தனம் பார்ப்பது சிக்கனமுமன்று, சைவமுமன்று.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது கணக்கில் வராதது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. எமக்கு அப்போது 14 வயது. அம்மா வீட்டின் நடுவே சிறிது நேரம் நின்றார். கண்ணாடி அலுமாரிக்குள் அவர் சீதனமாகக் கொண்டுவந்த கோப்பைகள் இருந்தன. எமது கை படவும் விடமாட்டார். அன்று அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சோற்றுப் பானை, அரிசி, சாமிப்படம் ஒன்று. இவ்வளவையும் இரண்டு உரப்பைகளில் போட்டுச் சைக்கிளில் கட்டினோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் சனநெரிசலில் ஓரடி வைக்க எவ்வளவு நேரம் என்பதை அன்று நடந்தவர்கள் அறிவார்கள். வழியோரத்தில் தையல் மெசின், றங்குப் பெட்டி, வானொலிப் பெட்டி எல்லாம் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தவணை கட்டி வாங்கியது.

தென்மராட்சியில், முன்பின் அறியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையை எமக்குத் தந்தது. அந்த வீட்டில் மூக்குப்பேணி ஒன்றுதான் இருந்தது. அண்ணாந்து குடிப்பதால் எல்லோருக்கும் அது போதுமாயிருந்தது. 1996இல் திரும்பிச் சென்றபோது அலுமாரியும் இல்லை, கோப்பைகளும் இல்லை. அம்மா அழுதது அவற்றுக்காக அன்று. கிணற்றடியில் கிடந்த பழைய திருவலையைக் கண்டெடுத்து, அதைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அழுதார். அடுத்த நாள் அதில் தேங்காய் திருவி எமக்குச் சோறு தந்தார்.

இவ்வளவையும் கண்ட நாம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறோம்.

2009இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்தோம். ஊரவர் ஒருவரின் பேஸ்மென்றில், தரையில் விரித்த மெத்தையில் ஏழு மாதங்கள் இருந்தோம். பின்னர் படித்து, பரீட்சை எழுதி, வேலை பெற்று, வீடும் வாங்கினோம். 2017இல் 4,800 டொலருக்கு வெண்ணிறத் தோல் சோபா வாங்கினோம். தவணைத் திட்டந்தான். ஆனால் கணக்காளர் அல்லவா, நாள் தவறாமல் கட்டி முடித்தோம். ஒரு சதமும் வட்டி இல்லை. கணக்குச் சரி.

அந்த மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த ஒரு குடும்பம் எம்மைப் பார்க்க வந்தது. எமது ஊருக்கு அயலூர். இரண்டு சிறு பிள்ளைகள். இளையவன் கையில் திராட்சைச் சாறு இருந்தது. அவர் ஏதோ சொல்லத் தொடங்கித் தொடங்கி நிறுத்தினார். நாம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துணைவியார் எழுந்து ஒரு துவாயை எடுத்து வந்து பிள்ளையின் கீழே விரித்தார். சிறிது நேரத்தில் அவர் எழுந்து, “சோபா வடிவாய் இருக்கு அண்ணை” என்று சொல்லி விடைபெற்றார்.

ஓராண்டின் பின் அன்னதான வரிசையில் அவர் மனைவி எமது துணைவியாரிடம் கதைப்போக்கில் சொன்னார்: “எங்கட விசாரணை நாளில பிள்ளையள உங்கட வீட்டில விட்டிட்டுப் போகலாமோ எண்டு கேக்கத்தான் அண்டைக்கு வந்தனாங்கள் அக்கா. பிறகு உங்களுக்குக் கரைச்சல் எண்டு விட்டிட்டம்.” அவர்களது அகதி விசாரணை அது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். வழக்கு நல்லபடி முடிந்தது, அது இறைவன் செயல். அவர் அதைக் குறையாகவும் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கூடுதலாகச் சுட்டது.

இளையான்குடிமாற நாயனார் மழையிரவிலே வந்த அடியாருக்கு உணவில்லாமல், பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தார். விறகில்லை என்று மனைவியார் சொல்ல, வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுத்தார். வந்தவருக்காக அவர் வீட்டையே எரித்தார். நாமோ ஒரு சோபாவுக்காக வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். ஒரு குடும்பம் எம்மைத் தன் மெத்தையில் படுக்க வைத்த நன்றி எந்தப் பேரேட்டில் எழுதப்பட்டது?

எனவே அந்த இளம் தம்பதியருக்கும், டிசம்பர் 26ஆம் நாள் மலிவு விற்பனைக்கு விடியமுன் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும், நாம் சொல்லக்கூடியது மூன்று கேள்விகள். இந்தப் பொருள் எமக்கு உழைக்குமா, அல்லது அதற்காக நாம் உழைக்க வேண்டுமா? கடனில்லாமல் வாங்க முடியுமா? வீட்டுக்கு வரும் பிள்ளை இதைத் தொட்டால் எமது முகம் மாறுமா? முதலிரண்டுக்கும் கணக்காளர் பதில் சொல்வார். மூன்றாவதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். முகம் மாறுமாயின், அது ஐந்து டொலர்ப் பொருளானாலும் விலை கூடியதே.

எமது தமிழில் குடியிருக்கும் இடமும் வீடு, இறைவன் திருவடியும் வீடு. விடுவதனால் வருவது பின்னையது. முன்னைய வீட்டிலே எதையும் விட முடியாதவருக்குப் பின்னைய வீடு எப்படிக் கைகூடும்?

சோபா இன்றும் எம் வீட்டில் இருக்கிறது. எறிந்துவிடவில்லை, எறிந்தால் அதுவும் ஓர் ஆடம்பரமே. பேரப்பிள்ளைகள் சாய்ந்து கதை கேட்க அம்மா அதில்தான் அமர்கிறார். ஒரு பக்கத்தில் ஊதா நிறக் கறை ஒன்று உண்டு. யார் ஊற்றியது என்று நாம் விசாரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தை மூன்று முறை அழைத்துவிட்டோம், இன்னும் வரவில்லை. திருவெம்பாவைக் காலத்தில் மீண்டும் அழைக்க எண்ணியுள்ளோம்.

எல்லாம் வல்ல சிவபெருமான் உங்கள் இல்லங்களில் வேண்டிய பொருளையும், அதைப் பகிரும் மனத்தையும் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்