திருத்தியவனுக்கும் தேர்வு உண்டு

என் தொடர்கதை ஒன்றைப் புத்தகமாக்கும்போது, மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன மாமனார் மீது எனக்கு இரக்கம் பிறந்தது. பிழைக்க வைத்துவிட்டேன். புத்தகம் வெளிவந்ததும் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உயிரோடு இருப்பவருக்குப் பதினேழாம் அத்தியாயத்தில் திவசம் நடக்கிறதே!" திருத்தியதோடு நிறுத்திவிட்டேன்; முழுவதையும் மறுபடி படிக்கவில்லை.

என் பிழை சிரிப்போடு போயிற்று. எல்லாப் பிழைகளும் அப்படிப் போவதில்லை.

கணிப்பொறியில் நாம் எழுதுவது வட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருளுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸில் உள்ள 'ஈ.எக்ஸ்.டி.4' அத்தகையது. 2023 நவம்பரில், அதன் குறையொன்றைப் போக்கும் திருத்தத்தை லினக்ஸின் 6.1 என்னும் பழைய கிளைக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் அதற்குத் துணையாக இருக்கவேண்டிய வேறொரு மாற்றம் உடன் வரவில்லை. விளைவு? ஒருவகைப் பதிவில், 'இதுவரை எழுதியாயிற்று' என்னும் குறி நகராமல் நின்றது. அடுத்து வந்த எழுத்து முந்தியதன் மேலேயே விழுந்து அதை அழித்தது. டிசம்பரில் டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்தி, பழுது நீக்கி 12.4 என்று வெளியிட்டார்கள்.

கண்டுபிடித்தது எப்படி? இன்னொரு பழைய கிளையைப் பரிசோதித்தபோது தானியங்கிச் சோதனை ஒன்று தோற்றது. காரணத்தைத் தேடிப் போனபோதுதான் 6.1இன் கேடு வெளிப்பட்டது.

இத்துறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு பிழையைத் திருத்தியதும், 'அது மீண்டும் வந்ததா?' என்று கேட்கும் சிறு சோதனையையும் எழுதி வைப்பார்கள். பிறகு யார் எதை மாற்றினாலும், பொறி அந்தப் பழைய கேள்விகளையெல்லாம் சலிக்காமல் மறுபடி கேட்கும்.

தேர்ந்த நிபுணனை இப்படிச் சந்தேகிக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நல்லெண்ணம் செய்தவனுக்குத்தான் ஆறுதல்; எழுத்தை இழந்தவனுக்கு அது ஈடாகுமா? முகம் தெரியாத ஒருவர் நம்மை நம்பித் தம் உழைப்பை ஒப்படைக்கிறார். அவருக்காக நம்மை நாமே சோதித்துக்கொள்வது அவமானமன்று, கடமை.

சோதனைக்கும் எல்லை உண்டு. நாம் கேட்கச் சொன்னதையே அது கேட்கும். மணி அடித்தால் எழுந்துபோய்ப் பார்க்க மனிதன்தான் வேண்டும்.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். செய்த பிழைகளை அதில் குறித்து, அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். அதன் முதல் வரி: 'திவசம் யாருக்கு?'