முதல் பட்டதாரி

"நான்தாண்ணே."

போன வாரம் இ-சேவை மையத்தில் ஒரு பெண் சொன்னது. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தம்பியின் பொறியியல் கலந்தாய்வுக்காக முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று கேட்டு வந்திருந்தாள். "வீட்ல இதுக்கு முன்ன டிகிரி முடிச்சவங்க யாரும் உண்டா?" என்றார் கணினி முன் இருந்தவர். ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் நின்றவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தாண்ணே. பி.ஏ."

"அப்போ தம்பிக்குக் கிடைக்காதும்மா."

அவ்வளவுதான் நடந்தது. தெருவே கேட்கச் சொல்லியிருக்க வேண்டிய சொல், வகுப்பில் சிலேட்டை உடைத்தது யார் என்றதும் எழுந்து நிற்கும் பிள்ளையின் குரலில் வந்தது.

அந்தச் சான்று பெற்றுத் தருவது, 2010-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த கட்டணச் சலுகை. பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளையையாவது மேலே தூக்கிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம். எத்தனையோ வீடுகளில் பலித்தும் இருக்கிறது. ஆனால் அது பட்டத்தை மட்டும் எண்ணுகிறது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பி.ஏ. அவளைத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கத்தான் வைத்திருக்கிறது. கணக்கிலோ, வீடு ஏறிவிட்டது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று, சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வந்த கூலியில் என் புத்தகங்கள் வந்தன. விரல் நுனியில் புகையிலை வாசத்தோடுதான் எனக்குச் சோறு போடுவாள். அவள் படித்திருந்தால் நான் படித்திருப்பேனா? இந்தக் கேள்வியை இத்தனை வருடம் நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. அடித்தட்டுப் பத்து விழுக்காட்டில் இருக்கும் குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட எத்தனை தலைமுறை ஆகும் என்று 2018-ல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு மதிப்பிட்டது. டென்மார்க்கில் 2, இந்தியாவில் 7. அந்த ஏழில் துணிக்கடைப் பெண் எத்தனையாவது? என் அக்கா? நானும் அவளும் ஒரே தலைமுறைதான். ஆனால் அவள் தோளில் கால் வைத்துத்தான் நான் ஏறினேன்.

வருமானத்தைப் பார்த்துக் கோடு போடலாமே என்று தோன்றுகிறது. அப்போதும் கோட்டுக்குச் சற்றே அந்தப் பக்கம் ஒரு வீடு நிற்கும். அங்கேயும் யாராவது ஒருத்தி, வாங்கிய கூடுதல் சம்பளத்துக்காகத் தலைகுனிவாள். கோடே வேண்டாம் என்றால், ஒருவருமே படிக்காத வீட்டின் முறை எப்போது வரும்? விடை பிடிபடவில்லை.

நேற்று இதையெல்லாம் அக்காவிடம் போனில் சொன்னேன். சலுகை, கணக்கு, தலைமுறை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சரிப்பா, அந்தப் பையன் காலேஜ்ல சேந்துட்டானா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் படியிறங்கிப் போனபோது, அவளிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.