பத்தியமும் பண்பும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் உள்ள அரவேணு வட்டாரத்தில், சாமையும் ராகியும் விளைவித்த மரபை உணவில் இன்னும் போற்றிவரும் படகர் ஊர்களும், ரேஷன் அரிசியை நம்பி வாழும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் அருகருகே இருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறியோர் தம் அடுப்படிப் பழக்கங்களையும் உடன்கொண்டு வந்தனர். இவர்கள் அனைவரின் இல்லங்களிலும் இன்று சர்க்கரை வியாதி புகுந்திருக்கிறது. சோற்றை அறவே விட்டு முட்டையும் இறைச்சியும் உண்பவர் ஒருவர். சிறுதானியத்துக்குத் திரும்பியவர் மற்றொருவர். அரிசியைக் கைவிடாமல் அளவை மட்டும் குறைத்துக்கொண்டவர் இன்னொருவர். தம் சரீரத்துக்கு இசைந்ததெனக் கண்ட பத்தியத்தைப் பிறருக்கும் கட்டளையாக விதிக்க இவர்களில் எவருக்கேனும் உரிமை உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்க அறக்கேள்வி.

வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரமே இவ்விஷயத்தில் அடக்கத்தைப் போதிக்கிறது. 1921இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் நோயாளிகளை ஏறக்குறையப் பட்டினியில் வைத்தே அவர்களுடைய ஆயுளைச் சிறிது நீட்டினார். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதனோ, தானியம் உண்டு பழகிய நம் மக்களுக்கு மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் மிகுந்த உணவை ஆதரித்தார். 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், கலோரியை வெகுவாகக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த இரண்டாம்வகை நீரிழிவுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோயின் வரம்புக்குக் கீழே இருந்தனர். இத்தனையையும் கண்டபின், 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உணவு விகிதம் கிடையாது என்றே தன் அறிக்கையில் கூறிற்று. வாழ்நாளெல்லாம் இத்துறையில் உழைத்தவர்களே இவ்வளவு நிதானமாகப் பேசும்போது, ஓர் உடலின் அனுபவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கண்டிப்பது நியாயமாகாது.

ஆயினும், அவரவர் வழி அவரவர்க்கு என்று ஒதுங்கிவிடுவதும் மரியாதையாகாது, அது அலட்சியமே. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய ராகிக் கஞ்சியும் மலைத்தேனும் இயற்கையானவை, ஆகவே சர்க்கரையை ஏற்றமாட்டா என்று நம்பி அளவின்றி அருந்துபவரிடம் உண்மையைச் சொல்லவே வேண்டும். இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டிருக்கையிலேயே, மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரென்று குறைப்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் புரதம் மிகுந்த உணவு தீங்காகலாம். முதல்வகை நீரிழிவுடைய குழந்தைக்குப் பத்தியமே போதும், இன்சுலின் வேண்டாம் என்று உபதேசிப்பதோ உயிருக்கே உலை வைப்பது. அங்கே அதனை அபிப்பிராய பேதமென்று மதித்து மௌனம் காப்பவரும் அப்பாவத்தில் பங்காளியாகிறார்.

இவற்றினும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு. விடியலில் தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துச் சென்று, மலைச்சரிவில் நாள்முழுதும் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணிடம், பாதாமும் பனீரும் ஆட்டிறைச்சியும் சாப்பிடச் சொல்லி, அவளால் இயலாதபோது மனவுறுதி இல்லாதவள் என்று பழிப்பதே அது. வாங்கும் சக்தி வகுத்த எல்லையை நாவின் பலவீனமென்று கருதுவது அறியாமை. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்வது கொடுமை. அரைக்கரண்டிச் சோற்றைக் குறைத்து, இம்மலையில் விளையும் பீன்ஸும் முட்டைக்கோஸும், அவரையும் கீரையும் தட்டில் பெருகச் செய்வது எப்படி என்று அவளோடு சேர்ந்து ஆலோசிப்பவரே அவளுக்கு உண்மையான ஹிதம் செய்பவர். விருந்துக்கு வந்தவர் பாயசம் வேண்டாமென்று கைமறித்தால், அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் விட்டுவிடுவதும் இதே தர்மத்தின் மற்றொரு முகமே.

ஆகவே, தம் அனுபவத்தை எவரும் சாட்சியமாக முன்வைக்கலாம், தீர்ப்பாக வழங்கலாகாது. அபாயம் இருக்குமிடத்தில் தெளிவாக எச்சரிக்கலாம்; எச்சரித்தபின், தம் இரத்தச் சர்க்கரையின் அளவைச் சோதித்தறிந்து மருத்துவரோடு கலந்து முடிவு செய்யும் உரிமை உண்பவருக்கே உரியது. நோயைத் தணிக்கும் முயற்சியில் நோயாளியின் தன்மானத்தைக் குலைக்கும் உபதேசம், அதன் மருத்துவ நியாயம் எவ்வளவு வலிதாயினும், அறத்துக்குப் புறம்பானதே.