கண்ணீரும் கடமையும்

பொழுதைப் போக்கும் நூலுண்டு; அறிவை வளர்க்கும் நூலுண்டு. நம் மனச்சாட்சியைப் பற்றி உலுக்கும் நூலும் உண்டு. அத்தகைய நூலைப் படித்துக் கண்ணீர் உகுத்தவன், அக்கண்ணீரோடு தன் கடன் தீர்ந்தது எனக் கொள்ளலாமா? இதுவே ஈண்டு நாம் ஆராய வேண்டிய வினா.

காத்தோங்கில், சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் ஆலயத்திற்கு அணித்தே வாழ்பவன் நான். நாள்தோறும் அவ்வீதியின் பெயரைக் கண்டும் இலங்கைத் தோட்டங்களை ஒருபோதும் எண்ணியதில்லை. அண்மையில் ஓரிரவு புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யைப் படித்தேன். 1935-ல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த கதை அது. திருநெல்வேலிச் சீமையினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று சீரழிந்த மருதி என்னும் ஏழைப் பெண்ணின் வரலாறு. படித்து முடித்தபோது கண்கள் நனைந்தன. அழுதபின் நெஞ்சம் இலேசாயிற்று. ‘நாம் இரக்கமுடையோம்’ என்ற பெருமிதமும் மெல்லத் தலைகாட்டிற்று.

அப்பொழுதுதான் என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். 1930-களில் மலாயா ரப்பர்த் தோட்டமொன்றில் அவர் கிராணி. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், பிந்தி வந்தவளுக்கு அன்றைய பெயரை மறுப்பதும் அவர் தொழில். எவர் கண்ணீருக்கும் அவர் பேனா இளகியதில்லை என்று எங்கள் வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். அச்சம்பளத்தால் என் தந்தையார் படித்தார். அப்படிப்பால் நான் மாடிவீட்டில் அமர்ந்து கதை படிக்கிறேன். மருதிக்காக அழுத நான் மருதியின் பக்கத்தில் இல்லை. பேரேட்டின் பக்கத்தில் இருக்கிறேன்!

வாசகர் தம் இடத்தை மறப்பது புதிதன்று. சிகாகோ இறைச்சிச் சாலைத் தொழிலாளரின் துயரத்தை ‘ஜங்கிள்’ என்னும் நாவலில் அப்டன் சின்க்ளேர் தீட்டினார். 1906-ல் அது நூலாக வந்ததும் அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டே சட்டமும் பிறந்தது. ஆயின், அச்சட்டம் காத்தது உண்பவர் வயிற்றை. உழைப்பவர் உடலை அன்று. படித்தவர் தம் தட்டைக் கண்டனர், தொழிலாளியைக் காணவில்லை.

“மருதி கற்பனைப் பெண், பாட்டனாரோ மறைந்துவிட்டார், கதை படிப்பவன் செய்யக்கூடியது யாது?” எனச் சிலர் வினவலாம். என் சமையலறையில், தன் மகவை ஊரில் விட்டுக் கடல் கடந்து வந்த பெண்ணொருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி இந்நாட்டில் 2013-ல் வந்தது. அவள் உடன்பட்டால் ஓய்வுக்கு ஈடாகப் பணம் தரலாம். 2023 முதல், மாதத்தில் ஒருநாளையேனும் அவ்வாறு ஈடுசெய்தல் ஆகாது. அந்த ஒருநாளை மட்டும் தந்து, ஏனைய ஞாயிறுகளுக்குக் காசெண்ணிக் கொடுத்துக் கணக்கெழுதி வந்தேன். அவள் உடன்பட்டாள், மறுக்கும் நிலையில் இருந்தாளா என நான் கேட்டதில்லை. சட்டப்படி குற்றமில்லை. பாட்டனாரும் சட்டப்படியே எழுதினார்!

மறுநாள் கேட்டேன். “ஞாயிறுதோறுமா?” என்று அவள் நம்பாமல் நோக்கினாள். அந்நோக்கு, கதையினும் என்னை அதிகம் சுட்டது. நான் செய்தது தொண்டன்று. கொடுக்கவேண்டியதைப் பிந்திக் கொடுத்ததே.

அன்பர்களே! தோட்டத்தில் வாழினும் பட்டணத்தில் வாழினும், உள்ளத்தை உருக்கும் நூலை மூடியதும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். துடைத்த கண்ணால் முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்.